பார்க்காமல் எழுதிய மாத்திரை அட்டை

போன மாதம் நான் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு நார்ச்சத்துப் பொடி கொடுத்துப் பார்க்கும் ஆய்வை மறுபடியும் தொடங்குகிறார்களாம். புதிதாகச் சேர்ந்திருக்கும் களப்பணியாளர்களுக்கு ஒரு கையேடு போடப் போகிறார்களாம். முதல் ஆய்வில் வீடு வீடாக அலைந்தவன் என்பதால் நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கொஞ்சம் சுவாரஸ்யமாக எழுதுங்கள் சார் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டது. சுவாரஸ்யமாகத்தான் தொடங்கப் போகிறேன். கடைசி வரை அப்படி இருக்காது. அச்சில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிளஸ் டூ, அதற்குப் பிறகு ஒரு வருட லேப் டெக்னீஷியன் படிப்பு, அதற்குப் பிறகு தூத்துக்குடியில் அந்த ஒரே மருத்துவமனை. முப்பத்து நாலு வருடம் ரத்தம் எடுத்தேன். நரம்பே தெரியாத கையிலும் முதல் குத்திலேயே எடுத்துவிடுவான் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் என் தலைக்கும் ஏறியிருந்தது. நர்ஸ்கள் இரண்டு முறை குத்தித் தோற்ற கையை என்னிடம் அனுப்பும்போது நான் நடந்து போகிற தோரணையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது அந்த ஆய்வு வந்தது. விஷயம் இவ்வளவுதான். நம் குடலில் கோடிக்கணக்கான நுண்கிருமிகள் குடியிருக்கின்றன. எல்லாம் கெட்டவை அல்ல. சில வகைகள் நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைத் தின்று, பதிலுக்கு உடம்புக்கு வேண்டிய சில பொருள்களைச் செய்து தருகின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த வகைகள் குறைந்திருக்கலாம் என்றும், அவற்றுக்குத் தீனி போட்டால் சர்க்கரை கட்டுப்படுவதற்குக் கொஞ்சம் உதவலாம் என்றும் டாக்டர்கள் நினைத்தார்கள். உதவுமா என்று பார்ப்பதுதான் வேலை. பாதிப் பேருக்கு நார்ச்சத்துப் பொடி, பாதிப் பேருக்கு அதே போலிருக்கும் வெறும் மாவு. யாருக்கு எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது. தினமும் ஒரு பொட்டலத்தை மோரிலோ கஞ்சியிலோ கலந்து பன்னிரண்டு வாரம் குடிக்க வேண்டும். டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது.

தொடக்கத்திலும் முடிவிலும் ரத்தமும் மலமும் எடுக்க வேண்டும். ரத்தம் கேட்டால் கையை நீட்டுகிற ஜனங்கள் மலம் என்றதும் கதவைச் சாத்தினார்கள். காயல்பட்டினத்தில் ஒரு பெரியவர், வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்தவர், நான் நீட்டிய டப்பாவையும் அதன் மூடியில் ஒட்டியிருந்த குட்டிக் கரண்டியையும் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கா தம்பி படித்தாய் என்று கேட்டார். ஆனால் மறுநாள் காலையில் சரியாகத் தந்தார்.

எடுத்ததை ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து மதியத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். எங்கள் ஊரில் தெர்மோகோல் பெட்டி என்றால் மீன்தான். குலசேகரன்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்த ஒரு அம்மா பெட்டியைத் தட்டி, "என்ன மீனு அண்ணாச்சி, நெத்திலியா? வீட்டுக்குன்னா எனக்கும் ஒரு கூறு தாங்களேன்" என்றது. விற்கிறதற்கு இல்லை என்றேன். ரொம்பத்தான் கிராக்கி பண்ணுகிறான் என்று திருச்செந்தூர் வரை முறைத்துக்கொண்டே வந்தது.

இந்த ஆய்வுக்குத் தலைமை எங்கள் டாக்டரம்மா. கயத்தாறுப் பக்கத்துக்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார், அவ்வளவுதான். எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் தன் கையாலேயே ஒரு கோடு கிழித்திருந்தார். இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'கேட்டது'. நோயாளி சொன்னதையெல்லாம் வலது பக்கம் எழுத வேண்டும். நம் கண்ணால் கண்டதை மட்டுமே இடது பக்கம் எழுத வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போய் காலிப் பொட்டலங்களை எண்ணி வாங்கி, மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து, மீதி எத்தனை என்று இடது பக்கம் குறிக்க வேண்டும். இடையில் ரத்தம் எடுப்பது திட்டத்தில் இல்லை. ஆகவே நோயாளிக்கு ஏதாவது கேடு வந்தால் முதலில் காட்டிக்கொடுக்க வேண்டியது அந்த மாத்திரை அட்டைதான். இதை டாக்டரம்மா முதல் கூட்டத்திலேயே சொன்னார். திங்கட்கிழமைதோறும் நோட்டைப் புரட்டும்போது, ஏதாவது ஒரு வரியில் பென்சிலை வைத்து, பார்த்ததா கேட்டதா என்று கேட்பார். நான் ஒவ்வொரு முறையும் டக்கென்று பதில் சொல்வேன்.

மாப்பிள்ளையூரணியில் என் பட்டியலில் ஒன்பது பேர். அதில் ஒருவர் செல்லக்கனி. எங்கள் பெரியப்பா வீட்டு வழியில் எனக்கு அண்ணன் மனைவி, அதாவது மதினி முறை. கணவர் இறந்து பல வருடமாகிறது. மகள் ராணியும் மருமகனும் கூட இருந்தார்கள். மதினிக்கு உப்பளத்தில் வேலை. சீசன் தொடங்குமுன் பாத்திகளின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும், தெரியுமோ என்னமோ. அந்த மிதியில் மதினிக்கு ஈடான ஆள் அந்தச் சுற்று வட்டாரத்தில் இல்லை என்பார்கள். மற்ற மாதங்களில் உப்பு வாருவார்.

மதினி என்றால் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? டப்பாவை நீட்டிய அன்று அவர் சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது. "ஊரெல்லாம் கொழுந்தன்மாரு சேலை கொண்டாருவாக, எங்க கொழுந்தனாரு என்ன கேட்டு வந்திருக்காரு பாத்தியளா" என்றார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. இரண்டு பேருமாகப் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். மற்ற வீடுகளில் வேர்த்து விறுவிறுத்து விளக்கியதை அந்த வீட்டில் சிரிப்போடு சிரிப்பாக விளக்கி முடித்தேன். நல்ல கிருமி, அதற்குத் தீனி, காய்ச்சலுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அதுகள் செத்துப்போகும், ஆகவே வேறு எந்த டாக்டரிடம் போனாலும் என்னிடம் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன்.

மதினி கவனமாகக் கேட்டார். அதற்குப் பிறகு கேட்டார்: "கொழுந்தனாரே, இந்தச் சக்கர மாத்திரையத் தின்னா எனக்கு வயிறு போகுது. அப்பம் அதுவும் உள்ள இருக்குததக் கொல்லத்தான செய்யும்?"

நல்ல கேள்வி. அந்த மாத்திரை சிலருக்கு வயிற்றைக் கலக்கும், அது வேறு விஷயம், கிருமிகளைக் கொல்கிற மருந்து அல்ல அது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வயிறு போகிறது என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தால் அளவை மாற்றியிருப்பார், வேறு மாத்திரை கொடுத்திருப்பார். நானோ சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தேன்.

"அத அதுககிட்டயே கேளுங்க மதினி. ஒங்க வயித்துலதான குடியிருக்கு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

உப்பளத்தில் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது என்பது எனக்குத் தெரியாததல்ல. கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. அங்கே வேலை செய்கிற பெண்கள் விடியுமுன் ஒதுங்கிவிட்டு வேலைக்கு வந்தால் வீடு திரும்பும் வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வயிற்றுப்போக்கு வருகிற ஒரு மாத்திரையை ஒரு பெண் எப்படி விழுங்குவார் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மதினி மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். நாலைந்து நாளில் வயிறு சரியாகிவிட்டது. நிறுத்தினால் சரியாகத்தானே செய்யும். ஆனால் அவர் அதை எப்படிக் கணக்குப் பண்ணினார் என்றால், கொல்கிற மாத்திரை போய்விட்டது, பொடி தின்று அதுகள் பிழைத்துக்கொண்டன, அதனால்தான் வயிறு நன்றாக இருக்கிறது. அதுகளிடமே கேள் என்று நான் சொன்னேன். அவர் கேட்டார், பதிலும் கிடைத்துவிட்டது.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. ஆனால் முதல் வருகையிலேயே தெரிந்திருக்க வேண்டும். காலிப் பொட்டலங்கள் பதினாலும் ரப்பர் பேண்ட் போட்டுத் தயாராக இருந்தன. மாத்திரை அட்டையைக் கேட்டேன். உள்ளே பரணில் இருக்கிறது, ஒழுங்காகத்தான் இருக்கு என்றார். எடுத்து வாருங்கள் என்று இன்னொரு முறை கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. பதினாலு பொட்டலத்தை எண்ணிக் கட்டி வைத்திருக்கிற மனுஷியிடம், அதுவும் முறையுள்ள இடத்தில், உன் சொல்லை நம்பவில்லை, அட்டையைக் காட்டு என்று எப்படிக் கேட்பது? கேட்டால் சிரிப்பு நின்றுபோகும். காப்பியும் முறுக்கும் வந்தன. நோட்டை மடியில் வைத்து இடது பக்கத்தில், 'மாத்திரை அட்டை பார்த்தேன், மீதி சரி' என்று எழுதினேன்.

முதல் முறை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. இரண்டாம் முறை தயங்கவில்லை. ஐந்தாம் முறை அட்டையைக் கேட்கக்கூட இல்லை. அந்த ஊரில் மற்ற எட்டு வீட்டிலும் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வேண்டியவர்கள் வீட்டில் மட்டும் பார்க்கவில்லை. வேண்டாதவர்களாக இருந்திருந்தால் மதினி கால் தப்பியிருக்கும்.

ஐந்தாம் முறை போனபோது அவர் காலை மடக்கி, சேலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். உப்புக் கட்டி குத்திவிட்டது, சின்னக் கீறல் என்றார். சர்க்கரை உள்ள காலுக்குச் சின்னக் கீறல் என்று ஒன்று கிடையாது என்பது, முப்பது வருடம் அந்த மருத்துவமனையில் இருந்தவனுக்குத் தெரியாதா? வந்து காட்டுங்கள் என்று வாயால் சொன்னேன். சேலையை விலக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. அவரும் பத்து நாள் மிதி வேலை பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றார். கால் மரத்துப்போய் வலி தெரியாததால் புண்ணோடு உப்புத் தண்ணீரில் நின்றிருக்கிறார். ஆறாம் முறை போனபோது மதினி வேலையிலிருந்து வரவில்லை. ராணி கொடுத்த பொட்டலங்களை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்றே அட்டை பார்த்ததாக எழுதினேன்.

பன்னிரண்டாம் வாரம் மதினி ரத்தம் கொடுக்க மருத்துவமனைக்கு வந்தார். வந்து நின்றவுடன் நாற்றம் தெரிந்தது. அன்றைக்கு அவர் ரத்தத்தை எடுத்தது நான்தான். முதல் குத்திலேயே எடுத்தேன். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு முறை ஓட்டினேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது. அன்று மாலையே காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அடுத்த வாரம் முன்பாதத்தில் பாதியை எடுத்தார்கள்.

யாருக்கு எந்தப் பொட்டலம் என்று மறைத்து வைத்திருந்த ரகசிய எண்களில், அவசரம் என்பதால் அவருடையதை மட்டும் திறந்து பார்த்தார்கள். மதினிக்குக் கிடைத்தது வெறும் மாவு. அவர் தீனி போட்டு வளர்த்ததாக நினைத்த நல்ல கிருமிகளுக்கு ஒரு கவளம்கூடப் போய்ச் சேரவில்லை.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். மேஜையில் என் நோட்டு திறந்திருந்தது. ஆறு வருகை, ஆறு வரி, எல்லாம் இடது பக்கம். இந்த ரத்தத்தைப் பார்த்தால் மாத்திரை ரொம்ப நாளாக உள்ளே போகவில்லை என்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பாத்ததா, கேட்டதா?"

அந்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தேன். ஓய்வு பெற மூன்று வருடமே இருந்தது. இவையெல்லாம் காரணமா, சாக்கா என்று இன்று வரை எனக்கே தெரியவில்லை. பார்த்தேன் டாக்டர், அட்டை காலியாகத்தான் இருந்தது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் பென்சிலை எடுத்து அந்த ஆறு வரிகளிலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். அதைப் பார்க்கத் தாங்காமல் நானாகவே ஒரு வாசகம் சேர்த்தேன்.

"மாத்திரையைப் பிரிச்சுக் கீழ போட்டுட்டு, காலி அட்டையக் காட்டியிருப்பாங்க போல."

டாக்டரம்மா எழுந்து நேராக வார்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மதினி படுத்திருந்தார், கால் கட்டுப் போட்டு உயர்த்தி வைத்திருந்தது. ராணி பக்கத்தில் நின்றது. மாத்திரையைப் பிரித்துக் கொட்டிவிட்டுக் காலி அட்டையைக் காட்டினீர்களா என்று டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். மதினிக்கு முதலில் புரியவில்லை. பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"ஆமா டாக்டரம்மா" என்றார் மதினி. "நாந்தான் பிரிச்சுக் கொட்டிட்டேன். அவுக சரியாத்தான் பாத்தாக."

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. இப்படிச் செய்யலாமா அம்மா என்று மட்டும் கேட்டார். கேஸ் தாளில், நோயாளி மருந்து உட்கொண்டதாக ஏமாற்றினார் என்று எழுதினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ராணி தலையில் அடித்துக்கொண்டு, "கால நீயே தொலச்சிட்டியே, இப்படிப் பொய் சொல்லித் தொலச்சிட்டியே" என்று அழுதது. செல்லக்கனி மாத்திரையைக் கொட்டிவிட்டு ஊரை ஏமாற்றினாள், சாமி காலை எடுத்துக்கொண்டது என்ற பேச்சு ஒரு வாரத்தில் மாப்பிள்ளையூரணி பூராவும் பரவிவிட்டது. பதினாலு பொட்டலத்தை ரப்பர் பேண்ட் போட்டு எண்ணி வைத்தவருக்கு அந்தப் பெயர்.

என் மகள் கல்யாணம் நடந்தது. மதினிக்குப் பத்திரிகை கொடுத்திருந்தேன். அவர் வரவில்லை, வரவும் முடியாது. அதன் பிறகு நாலு வருடம் அந்தத் தெருப் பக்கம் நான் போகவில்லை. பொங்கலுக்குப் பழம், தீபாவளிக்குச் சேலை என்று என் மனைவியிடம் கொடுத்தனுப்புவேன். மதினி என்னைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று திரும்பி வந்து சொல்வாள். குறை சொன்னார் என்று அவள் வந்து சொல்லக் கூடாதா என்று எனக்கு இருக்கும்.

கையேட்டுக்கு எழுத உட்கார்ந்தபோது, முதலில் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கேஸ் தாளைத் தேடி எடுக்கச் சொல்லி, அந்த வரியைக் கோடு போட்டு அடித்து, கீழே திருத்தி எழுதி, கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு, அந்த அம்மா வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இங்கே எதற்கு முதலில் வந்தீர்கள் என்று கேட்டார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையூரணிக்குப் போனேன். மதினி உள்வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ராணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. கொஞ்சம் இரு ராணி, உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்றேன். நின்றபடியே சொன்னேன். அட்டையைப் பார்க்காததைச் சொன்னேன், மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது கேலி பண்ணியதைச் சொன்னேன், டாக்டரிடம் இட்டுக்கட்டியதைச் சொன்னேன். உங்கள் அம்மா யாரையும் ஏமாற்றவில்லை, ஏமாற்றியவன் நான் என்றேன்.

ராணி என்னைப் பார்க்கவே இல்லை. தன் அம்மாவைப் பார்த்தது. நாலு வருடமாகத் தான் ஏசிய ஏச்செல்லாம் அதன் முகத்தில் வந்து நின்றது. பின்னே ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டது. மதினி கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்குக் கால் போயாச்சு. அவுகளுக்கு வேலையும் போய், அந்தப் பிள்ள கல்யாணமும் நிக்கணுமாக்கும்" என்றார்.

ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளினார். பிறகு, "ஏளா, சித்தப்பா வெயில்ல வந்திருக்காவ. தண்ணி கொண்டா" என்றார். ராணி அசையவில்லை. வீட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை என்று நின்றது. அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. வேண்டாம் மதினி, நான் கிளம்புகிறேன் என்றேன்.

மதினி முறத்தை ஒதுக்கி வைத்தார். சுவரைப் பிடித்து எழுந்தார். கால் போன பிறகு அவர் நடந்து நான் பார்த்ததில்லை. வலது பக்கம் முன்பாதம் இல்லாததால் குதிகாலை ஊன்றி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒவ்வோர் அடிக்கும் சுவரைத் தொட்டுத் தொட்டு அடுக்களைக்குப் போனார். பானையில் செம்பு முங்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது ஒரு கையில் செம்பு இருந்ததால் பிடிக்க ஒரு கைதான் இருந்தது. நிலைப்படியைத் தாண்ட மாட்டாமல் ஒரு கணம் நின்றார். ராணியும் போகவில்லை, நானும் போகவில்லை. அவராகவே தாண்டி வந்து செம்பை நீட்டினார்.

வாங்கினேன். வாயருகே கொண்டு போக முடியவில்லை. குனிந்து செம்பைத் தரையில் வைக்கப் போனேன்.

அப்போதுதான் ராணி முதல் முறையாக என்னைப் பார்த்தது.

"குடிங்க சித்தப்பா. அம்ம அதுக்குத்தான நடந்தா" என்றது.